கடல் வாசல் மட்டாஞ்சேரி – 14: தாராசனாவுக்குப் போன நிருபர்

சென்ற இதழில் ஏ.பி. சாலெமை லாகூரில் நிறுத்தியிருந்தோம். ஆப்ரகாம் பராக் சாலெம், மட்டாஞ்சேரி யூதத் தெருவின் மகன். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும் பிறகு சென்னையிலும் படித்து, கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரி என்று பெயர் எடுத்தவர். வழக்கறிஞர். 1925 முதல் கொச்சி சமஸ்தானத்தின் சட்டசபை உறுப்பினர். 1929 டிசம்பரின் கடைசி நாட்களில், ராவி நதிக்கரையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் அவரும் கலந்துகொண்டார். முழு விடுதலையே இலக்கு என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது.

அந்தத் தீர்மானம் மூன்றே மாதத்தில் உப்பில் வந்து நின்றது. உப்பு, தாராசனாவில் ரத்தமாகச் சிந்தியது. அதை உலகுக்குச் சொன்னவர் வெப் மில்லர் என்ற அமெரிக்க நிருபர். இந்த வாரம் மட்டாஞ்சேரியை விட்டு வெளியேறி அவர் பின்னால் போக வேண்டியிருக்கிறது. காரணம் உண்டு. குஜராத்தின் உப்பளத்தில் காந்தியின் தொண்டர்கள் எந்த முறையில் போராடினார்களோ, அதே சத்தியாகிரகத்தைத்தான் சாலெம் தன் சொந்த ஜெபாலயத்துக்குள் கையில் எடுத்தார். தாராசனாவில் அந்நிய நாட்டு நிருபர் ஒருவர் நின்று பார்த்தார். யூதத் தெருவில் அப்படி யாரும் நிற்கவில்லை. அந்த வித்தியாசம் எதை மாற்றியது என்பதை அறிய, மில்லரின் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே உப்பு, இரண்டு ஆட்சி

1930-இல் மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ஊர். அங்கிருந்து வடமேற்கே நடந்தால் வரும் கோட்டைக் கொச்சி வெள்ளைக்காரர் ஆட்சி. சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தெருவோடு தெரு ஒட்டிக் கிடந்த ஊர்களில் சட்டம் வேறு, போலீஸ் வேறு, நீதிமன்றம் வேறு. ஆனால் உப்பு விஷயத்தில் மட்டும் வேறுபாடு இல்லை. 1865-இல் பிரிட்டிஷ் அரசு, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் செய்துகொண்ட துறைமுக உடன்பாட்டின்படி, இரண்டு சமஸ்தானங்களும் வெள்ளைக்காரர் உப்புக்கு வைத்த விலையையே வைக்க வேண்டும் என்று ஆனது. மகாராஜாவின் பிரஜையாக இருந்தாலும் மட்டாஞ்சேரிச் சுமைகூலி தன் கஞ்சிக்குப் போட்ட உப்பில் பிரிட்டிஷ் வரியின் நிழல் விழுந்தது.

வரி சமஸ்தானத்துக்குள் வந்தது. போராட்டக் களமோ வெளியே இருந்தது. சட்டத்தை மீற வேண்டுமானால் பிரிட்டிஷ் மலபாருக்குப் போக வேண்டும். 1930 ஏப்ரலில் கே. கேளப்பன் கோழிக்கோட்டிலிருந்து பய்யனூர் கடற்கரைக்கு நடந்தார். கொச்சியிலிருந்தும் திருவிதாங்கூரிலிருந்தும் இளைஞர்கள் மலபாருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதே ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜியின் அணி புறப்பட்டு வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதை தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டியில் காந்தி ஒரு பிடி உப்பை அள்ளினார். அடுத்த இலக்கு தாராசனா. தண்டிக்குத் தெற்கே, சூரத் பகுதியில் இருந்த அரசாங்க உப்பளம் அது. அங்கே நுழையப் போவதாக வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தி கடிதம் எழுதினார். மே 4-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் கராடி கிராமத்துக் குடிசையில் அவரைக் கைது செய்தார்கள். தலைமை அப்பாஸ் தையப்ஜியிடம் போனது. எழுபது வயதைக் கடந்தவர், பரோடாவின் ஓய்வுபெற்ற நீதிபதி. அவரும் கைதானார். பிறகு சரோஜினி நாயுடு.

பண்ணையிலிருந்து போர்க்களத்துக்கு

வெப் மில்லர் மிச்சிகன் மாநிலத்தில், டோவாஜாக் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டியதும் சிகாகோ போய்ச் செய்தித்தாளில் சேர்ந்தார். நீதிமன்றம், கொலை, தூக்குத் தண்டனை என்று நகரத்தின் கொடிய பக்கங்களில் அவருடைய பயிற்சி நடந்தது. 1916-இல் மெக்சிகோ எல்லையில் பாஞ்சோ வில்லாவைத் துரத்தி அமெரிக்கப் படை புறப்பட்டபோது, எந்தப் பத்திரிகையின் உத்தரவாதமும் இல்லாமல் தானாகவே அங்கே போனார். அங்கிருந்து அனுப்பிய செய்திகள்தான் அவரை யுனைடெட் பிரஸ் நிறுவனத்துக்குள் கொண்டு சேர்த்தன.

மறு ஆண்டே லண்டன். முதல் உலகப் போரின் விமானத் தாக்குதல்கள், பிரான்சின் பதுங்கு குழிகள், போர் நிறுத்தம் எல்லாவற்றையும் நேரில் பார்த்தார். 1922-இல் வெர்சாய் நகரத்துத் தெருவில், பெண்களைக் கொன்று குவித்த லாந்த்ரு என்பவனைக் கில்லட்டினில் தலை வெட்டியபோது சில அடி தூரத்தில் நின்றவர் அவர். மொராக்கோவில் ரிஃப் மலைவாசிகளின் போரையும் எழுதினார். அவர் பார்க்காத வன்முறை என்று பெரிதாக எதுவும் மிச்சம் இல்லை. தாராசனாவில் அவர் எழுதியதற்கு இந்த அனுபவம்தான் எடை கொடுத்தது. ரத்தத்தைக் கண்டு பதறும் புது ஆள் அல்ல அவர்.

இன்னொரு பக்கமும் அவருக்கு உண்டு. இளமையிலிருந்தே ஹென்றி டேவிட் தோரோவின் பக்தர். வால்டன் குளக்கரையில் தோரோ எழுதிய நூலைப் போகும் இடமெல்லாம் எடுத்துச் சென்றார். அந்தத் தோரோ யார்? அடிமை முறையைத் தாங்கி நின்ற அரசுக்கு, மெக்சிகோ மீது போர் தொடுத்த அரசுக்கு, தலைவரி கட்ட மாட்டேன் என்று சொல்லி 1846-இல் ஓர் இரவு சிறையில் கிடந்தவர். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய கட்டுரை 1849-இல் வெளிவந்தது. ஒரு வரியைக் கட்ட மறுப்பதன் மூலம் ஒரு மனிதன் அரசை எதிர்த்து நிற்கலாம் என்ற எண்ணம் அதன் உயிர். எண்பது ஆண்டுகள் கழித்து உப்பு வரியை எதிர்த்து நின்றவர்களைப் பார்க்க, தோரோவின் வாசகர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

செய்திக்கும் ஒரு காவல்

அன்றைக்கு உலகச் செய்திகள் யார் கையில் இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ராய்ட்டர், பிரான்சின் ஹாவாஸ், ஜெர்மனியின் வொல்ஃப் மூன்றும் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்ட நிறுவனங்கள். இந்தியா ராய்ட்டரின் பங்கு. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது. இந்தியாவில் நடப்பதை அமெரிக்கர்கள் பெரும்பாலும் லண்டன் வழியாகத்தான் கேட்டார்கள்.

1907-இல் தொடங்கப்பட்ட யுனைடெட் பிரஸ் அந்தக் கூட்டுக்குள் இல்லை. அதனால் அது தன் ஆளைத் தானே அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆள் பார்த்ததைத் தானே வெளியிடவும் முடிந்தது. மில்லர் தாராசனாவில் நின்றதற்குப் பின்னால் இந்த வணிகப் போட்டியும் இருக்கிறது.

இந்தியப் பத்திரிகையாளர்கள் பார்க்கவில்லையா, எழுதவில்லையா என்று கேட்கலாம். பார்த்தார்கள், எழுதினார்கள். ஆனால் 1930 ஏப்ரல் கடைசியில் வைஸ்ராய் பத்திரிகை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். அரசுக்குப் பிடிக்காததை அச்சிட்டால் ஜாமீன் தொகை கட்ட வேண்டும், அதைப் பறிமுதல் செய்வார்கள், அச்சுக்கூடமே போகும். பல பத்திரிகைகள் ஜாமீன் கட்ட மறுத்து மூடப்பட்டன. இந்தியச் சாட்சி பொய்யான சாட்சி அல்ல. வாய் கட்டப்பட்ட சாட்சி. மில்லரின் குரல் தனித்துக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறந்துவிட்டு அவரைப் புகழ்வது நியாயமாகாது.

மே 21

பம்பாயிலிருந்து இரவு ரயில் பிடித்து டுங்ரி என்ற சின்ன நிலையத்தில் மில்லர் இறங்கினார். வண்டி வசதி எதுவும் கிடைக்கவில்லை. கள்ளிவேலி போட்ட வயல்களுக்கு நடுவே ஏறக்குறைய ஆறு மைல் நடந்துதான் தாராசனா போக வேண்டும். நடந்தார்.

அங்கே சுமார் 2,500 தொண்டர்கள் கூடியிருந்தார்கள். கதர் வேட்டி, காந்தித் தொப்பி. கையில் எதுவும் இல்லை. எதிரே உப்பளம். அதைச் சுற்றித் தண்ணீர் நிறைந்த பள்ளம், அதற்கப்பால் முள்கம்பி. காவலுக்கு சூரத் போலீஸார் சுமார் 400 பேர். கட்டளையிட அரை டஜன் வெள்ளைக்கார அதிகாரிகள். ஐந்தடி நீள மூங்கில் தடி ஒவ்வொருவர் கையிலும். நுனியில் இரும்புப் பூண். உள்ளே துப்பாக்கி ஏந்திய 25 பேர் தனியாக நின்றார்கள்.

சரோஜினி நாயுடு பிரார்த்தனை நடத்தினார். காந்தியின் உடல் சிறையில் இருந்தாலும் அவர் ஆன்மா உங்களோடு இருக்கிறது என்றார். அடிப்பார்கள், எதிர்க்கக் கூடாது, அடியைத் தடுக்கக்கூடக் கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். காந்தியின் மகன் மணிலால் முன்வரிசையில் நின்றார்.

முதல் அணி மௌனமாகப் பள்ளத்தில் இறங்கி, தண்ணீரைக் கடந்து, முள்கம்பியை நோக்கி நடந்தது. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற தடை உத்தரவை அதிகாரிகள் சொன்னார்கள். அணி நிற்கவில்லை. கட்டளை பிறந்தது. தடிகள் தலைகளில் இறங்கின. ஒருவர்கூடக் கையை உயர்த்தவில்லை. பாதுகாப்பில்லாத மண்டையில் மூங்கில் விழும் சத்தம் மில்லர் நின்ற இடம்வரை கேட்டது. ஒவ்வோர் அடிக்கும், பின்னால் காத்திருந்த கூட்டம் தனக்கே பட்டதுபோல் முனகியது. சில நிமிடங்களில் தரை முழுக்க உடல்கள். சிலர் நினைவிழந்து கிடந்தார்கள். சிலர் மண்டை உடைந்தோ தோள் நொறுங்கியோ துடித்தார்கள். வெள்ளைக் கதரில் சிவப்பு பெரிதாகப் படர்ந்தது.

விழாமல் தப்பியவர்கள் வரிசையைக் கலைக்காமல் மேலே நடந்தார்கள். தங்கள் முறை வந்தபோது விழுந்தார்கள். தூக்குக் கட்டில்காரர்கள் ஓடி வந்து ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். போலீஸார் அவர்களைத் தடுக்கவில்லை. கட்டில்கள் போதவில்லை, கம்பளியை விரித்து அதில் தூக்கினார்கள். அதற்குள் அடுத்த அணி தயாராகிவிட்டது. இன்னும் சில நிமிடத்தில் தானும் அப்படிக் கிடக்கப் போகிறோம் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனாலும் நடையில் தயக்கம் இல்லை, முகத்தில் பயம் இல்லை என்று மில்லர் எழுதினார். சண்டை நடக்கவில்லை. போராட்டக்காரர்கள் நடந்தார்கள், அடிபட்டார்கள், விழுந்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு முறை மாறியது. 25 பேர் கொண்ட குழுக்கள் உப்பளத்துக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தன. கலையச் சொன்னார்கள், அசையவில்லை. உட்கார்ந்தவர்களைத் தடியால் அடித்தார்கள். வயிற்றிலும் மர்மத்திலும் உதைத்தார்கள். கை கால்களைப் பிடித்து இழுத்துப் பள்ளத்துத் தண்ணீருக்குள் எறிந்தார்கள். சரோஜினி நாயுடுவும் மணிலாலும் கைதானார்கள். மத்திய சட்டசபைத் தலைவர் பதவியைத் துறந்திருந்த விட்டல்பாய் படேல் அங்கே வந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் மில்லர் மறைக்காமல் எழுதிய ஒன்று, அவர் எப்பேர்ப்பட்ட நிருபர் என்பதைக் காட்டுகிறது. பலமுறை பார்க்கத் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவருக்குள் எழுந்த கோபம் அடித்தவர்கள் மீது மட்டும் இல்லை; திருப்பி அடிக்காமல் நின்று வாங்கிக்கொண்டவர்கள் மீதும் ஏறக்குறைய அதே அளவு கோபம் வந்தது. காந்தியின் நோக்கத்துக்கு அனுதாபத்தோடு வந்தவருக்கே இப்படி. தோரோவைப் படித்து வளர்ந்தவருக்கும் அந்த அகிம்சை உடனே புரிந்துவிடவில்லை. புரிந்ததுபோல் அவர் நடிக்கவும் இல்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் காலை உணவு மேசையில் செய்தித்தாளை விரிக்கும் அமெரிக்க வாசகருக்கும் அதே குழப்பம்தான் வரும். தன் குழப்பத்தைச் சொன்னதால் அந்த வாசகரின் நம்பிக்கையை மில்லர் பெற்றார்.

பதினொரு மணிக்கு வெயில் 116 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. களம் ஓய்ந்தது. மில்லர் உடனே கிளம்பவில்லை. காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்த தற்காலிக மருத்துவக் கொட்டகைக்குப் போனார். அங்கே ஒரு நிருபர் செய்ய வேண்டிய வேலையைச் செய்தார்: எண்ணினார். காயமடைந்தவர்கள் 320 பேர். பலர் இன்னும் நினைவு திரும்பாமல், மண்டை உடைந்து கிடந்தார்கள். உதை வாங்கியவர்கள் வலியில் சுருண்டு கிடந்தார்கள். மணிக்கணக்காகச் சிகிச்சை கிடைக்காதவர்கள் நிறையப் பேர். இருவர் இறந்திருந்தார்கள்.

18 ஆண்டுகள், 22 நாடுகள். கலவரம், புரட்சி, தெருச் சண்டை எல்லாம் பார்த்தவன் நான், தாராசனாவில் கண்டதைப்போல் நெஞ்சைப் பிளக்கும் காட்சியை எங்கும் கண்டதில்லை என்ற பொருளில் அவர் எழுதினார். மேலே சொன்ன வாழ்க்கைக் கதையோடு சேர்த்துப் படித்தால்தான் இந்த வாக்கியத்தின் கனம் தெரியும்.

தந்தி நின்றது, பிறகு போனது

செய்தியைப் பார்ப்பது பாதி வேலை. அனுப்புவது மீதிப் பாதி. அன்று தந்தி அரசாங்கத்தின் கையில் இருந்தது. மில்லர் எழுதிக் கொடுத்த செய்தி முதலில் வெளியே போகவில்லை. தணிக்கை அதை நிறுத்திவைத்தது. விஷயம் தெரிந்ததும் மில்லர் அதிகாரிகளிடம் நேரே போனார். தடுத்தால், பிரிட்டிஷ் தணிக்கை செய்வதையே செய்தியாக்குவேன் என்று மிரட்டினார். அதன்பிறகே தந்தி நகர்ந்தது.

யுனைடெட் பிரஸ் வழியாக உலகெங்கும் 1,350 செய்தித்தாள்களில் அந்தச் செய்தி வந்தது. விஸ்கான்சின் மாநிலத்து செனட்டர் ஜான் பிளெய்ன் அதை அமெரிக்க செனட்டில் எடுத்து வாசித்தார். அது அதிகாரப்பூர்வ ஆவணத்தில் ஏறியது.

அதே நாட்களில் வைஸ்ராய் இர்வின் தன் மன்னருக்கு எழுதிய கடிதமும் நமக்குக் கிடைக்கிறது. தாராசனா உப்புக் களஞ்சியத்துக்காக நடந்த கடும் போர்களைப் பற்றிய செய்திகளை மன்னர் வேடிக்கையாகப் படித்திருப்பார் என்ற தொனியில் அது போகிறது. காயம் பட்டதாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் என்று தொண்டர்களைக் கேலி செய்கிறது. மில்லர் இல்லாதிருந்தால் உலக ஆவணங்களில் இர்வினின் கேலிதான் முந்தியிருக்கும். கொட்டகையில் அவர் எண்ணிய 320 என்ற எண்ணிக்கை அந்தக் கேலிக்கு எதிரே நிற்கிறது. உணர்ச்சி பொங்க எழுதியிருந்தால் மறுத்திருப்பார்கள். எண்ணிக்கையை மறுப்பது கடினம்.

வெளியே போன செய்தி உள்ளே என்ன செய்தது? தாராசனா உப்பளம் அன்று கைமாறவில்லை. உப்பு வரியும் உடனே ஒழியவில்லை. 1931 மார்ச்சில் வந்த காந்தி–இர்வின் ஒப்பந்தம்கூட, கடலோர மக்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுக்கலாம் என்ற அளவோடு நின்றது. ஆனால் இந்தியாவை நாகரிகமாக ஆள்கிறோம் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிரிட்டன் சொல்லிவந்த கதை, அந்த வாரத்தோடு பழைய மதிப்பை இழந்தது. மில்லரைத் தொடர்ந்து பல அமெரிக்க நிருபர்கள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். அதே ஆகஸ்டில் சிகாகோ டிரிப்யூனின் வில்லியம் ஷைரர் வந்து சேர்ந்தார். பின்னாளில் ஹிட்லரின் ஜெர்மனியைப் பற்றிய பெருநூலை எழுதியவர் அவர். காந்தியைப் பற்றியும் ஒரு நினைவு நூல் எழுதினார்.

தோரோவைத் தெரியுமா?

1931 செப்டம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்காகக் காந்தி லண்டன் போனார். கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியில், கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். லண்டனில் மில்லர் அவரைச் சந்தித்தார். நீண்ட நாளாக மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்: தோரோ என்ற அமெரிக்கரைப் படித்ததுண்டா?

காந்தியின் கண்கள் மலர்ந்தன. படித்திருக்கிறேன், ஜோகன்னஸ்பர்க்கில் 1906-இல் முதலில் வால்டன் நூலைப் படித்தேன், அவருடைய சிந்தனை என்னை மிகவும் பாதித்தது என்றார். தோரோவின் கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் தான் நடத்திய இந்தியன் ஒபினியன் பத்திரிகை வாசகர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்ததையும் சொன்னார். தாராசனாவில் எதைப் பார்த்துத் தடுமாறினாரோ, அதன் வேரில் ஓர் இழை தன் ஊர்ப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது என்று மில்லர் அறிந்துகொண்டார். அமெரிக்காவிலேயே அதிகம் பேர் படிக்காமல் கிடந்த கட்டுரை, ஆப்பிரிக்கா வழியாக இந்தியா வந்து, அமெரிக்கர் ஒருவரின் கண் முன்னால் செயலாக நடந்திருக்கிறது.

அதன்பிறகு மில்லருக்குப் போர்கள் ஓயவில்லை. 1935 அக்டோபரில் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்த செய்தியை உலகுக்கு முதலில் கொடுத்தவர் அவர். மறு ஆண்டு ஸ்பெயின் உள்நாட்டுப் போர். அந்த 1936-இல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. நிம்மதியைத் தேடிக் கண்டடையாத ஒரு நிருபரின் நாட்குறிப்பு என்பதே அதன் தலைப்பின் சாரம். தாராசனா பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அந்த நூலில் இருக்கிறது. 1939 குளிர்காலத்தில் பின்லாந்துப் போர்க்களத்தில் இருந்தார்.

1940 மே 7. நார்வேயில் பிரிட்டன் தோற்றது பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் அனல் பறக்கும் விவாதம். சேம்பர்லின் ஆட்சி ஆடிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் சர்ச்சில் பிரதமராகப் போகிறார். விவாதத்தைக் கேட்டுவிட்டு இரவு ரயிலில் வீடு திரும்பினார் மில்லர். போர்க்கால இருட்டடிப்பில் ஊரே இருண்டிருந்தது. கிளாப்பம் சந்திப்பு அருகே ரயிலிலிருந்து விழுந்து இறந்தார். தண்டவாளத்தில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். விபத்து என்று விசாரணை முடிந்தது. அத்தனை போர்க்களங்களிலும் தப்பியவருக்கு வயது ஐம்பதுகூட ஆகியிருக்கவில்லை. பின்னர் அமெரிக்கா ஒரு சரக்குக் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தது. 1982-இல் வந்த காந்தி திரைப்படத்தில் மார்ட்டின் ஷீன் நடித்த நிருபர் பாத்திரத்துக்கு மில்லரே முன்மாதிரி.

யூதத் தெருவில் நிருபர் இல்லை

இப்போது மட்டாஞ்சேரிக்குத் திரும்புவோம். பரதேசி ஜெபாலயம் 1568-இல் கட்டப்பட்டது. மகாராஜாவின் அரண்மனையும் பழயன்னூர் பகவதி கோயிலும் அதற்கு ஒட்டிய அண்டை வீட்டார். 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகாபி சீனாவிலிருந்து வரவழைத்த நீலச் சித்திர ஓடுகள் அதன் தரையை நிறைக்கின்றன. அந்தத் தரையில் நடந்து உள்ளே போய்ப் பலகையில் அமரும் உரிமை சாலெமின் மக்களுக்கு இல்லை. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததி என்பதால், வெளியே தரையிலோ படிக்கட்டிலோ அமர வேண்டும். சமஸ்தானத்தின் சட்டசபையில் சமமாக அமர்ந்து பேசிய வழக்கறிஞருக்குத் தன் கடவுளின் வீட்டில் அந்தச் சமம் இல்லை.

சாலெம் இதை ஏற்க மறுத்தார். சிலகாலம் ஜெபாலயத்தையே புறக்கணித்தார். பிறகு சத்தியாகிரகம். அடிக்கவில்லை, ஏசவில்லை, விட்டுக் கொடுக்கவும் இல்லை. பிற்காலத்தவர் அவரை யூத காந்தி என்று அழைத்தது இதற்காகத்தான். வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் நடந்த போராட்டம் இங்கிருந்து சில மணி நேரப் படகுப் பயணத் தொலைவில்தான் நடந்தது. பெரியார் சிறை சென்ற அந்தப் போராட்டத்தின் காற்று யூதத் தெருவிலும் வீசியிருக்க வேண்டும்.

தாராசனாவின் கதையை 1,350 பத்திரிகைகள் சுமந்தன. சாலெமின் படிக்கட்டுக்கு ஒரு நிருபரும் வரவில்லை. ரத்தம் சிந்தாத போராட்டம். சில நூறு பேர் மட்டுமே கொண்ட சமூகம். எதிரே நின்றவர்கள் சொந்தக்காரர்களும் அண்டை வீட்டாரும். தந்தியில் ஏறும் கதை இல்லை அது. தன் ஜெபாலயத்தைப் பற்றி 1929-இல் சாலெம் தானே ஒரு நூல் எழுதினார். நாட்குறிப்புகளும் எழுதி வைத்தார். தனக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டிய நிலை அவருடையது. அவருடைய வெற்றி ஆண்டுக்கணக்கில், ஒவ்வோர் உரிமையாக, மெதுவாக வந்தது.

இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இது. அகிம்சைப் போராட்டத்துக்கு அடியை வாங்கும் உடலும் வேண்டும்; அதைப் பார்த்துச் சொல்லும் ஆளும் வேண்டும். அடிப்பவனின் மனதை மாற்றுவது மட்டும் அதன் வேலை இல்லை. தூரத்தில் இருப்பவனின் மனசாட்சியை எழுப்புவதும் அதன் வேலை. அந்தத் தூரத்தைக் கடக்க ஒருவர் ஆறு மைல் நடக்க வேண்டும், கொட்டகையில் நின்று தலைகளை எண்ண வேண்டும், தந்தி போகும்வரை அதிகாரியின் மேசையை விட்டு நகராமல் இருக்க வேண்டும். மில்லர் இந்த மூன்றையும் செய்தார். அதனால்தான் தாராசனாவின் பெயர் தெரியாத தொண்டர்கள் சார்பாக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நிருபர் எட்டிப் பார்க்காத சந்துகளிலும் அதே உறுதியோடு நின்றவர்கள் உண்டு. அவர்களுடைய கதையைத் தாமதமாகவாவது எழுதி வைப்பது வரலாறு எழுதுகிறவர்களின் கடமை. இந்தத் தொடர் மட்டாஞ்சேரியைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம்.

சாலெமுக்கும் கடைசியில் வெளியிலிருந்து ஒரு சாட்சி வந்தார். அவரும் அமெரிக்கர்; ஆனால் பத்திரிகைக்காரர் அல்ல. 1937-இல் கொச்சிக்கு வந்து, யூதத் தெருவின் வழக்கங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிய மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாம். பழைய தடைகளில் பல அதற்குள் தளர்ந்திருந்ததை அவர் கண்டார். எவை தளர்ந்தன, எவை தளரவில்லை? அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)